"கனடா திறந்திட்டாம்": யார் சொன்னது, எப்ப சொன்னது?

தமிழில் ஒரு வசதி இருக்கிறது. கண்டதையும் கேள்விப்பட்டதையும் ஒரே மாதிரிச் சொல்ல வேண்டியதில்லை. "கனடா விசா திறந்திட்டுது" என்றால் சொல்லுகிறவர் அதற்குப் பொறுப்பேற்கிறார். "திறந்திட்டாம்" என்றால் வேறு யாரோ சொன்னதைக் காவி வருகிறார், அவ்வளவுதான். அந்த 'ஆம்' கேட்கிறவருக்கு ஓர் எச்சரிக்கை. எங்கட ஆச்சிமாருக்கு அதை எங்கே போடவேண்டும் என்று நன்றாகத் தெரியும்.

இப்போது அந்த 'ஆம்' வழியில் எங்கேயோ விழுந்துபோகிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு பொடியன் போனைத் திறந்தால், சிவப்பு எழுத்தில், "கனடா திறந்தது! 395,000 பேர் தேவை!" என்று யூரியூப் காணொளி ஒன்று வருகிறது. பக்கத்தில் மேப்பிள் இலை, ஒரு விமானம், வாயைப் பிளந்தபடி ஒரு முகம். அதை அவன் ஸ்காபுரோவில் இருக்கும் மாமாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி, "மாமா இது உண்மையோ?" என்று கேட்கிறான். மாமா இரவு வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று குடும்பக் குறூப்பிலும் தட்டிவிடுகிறார். அங்கிருந்து அது ஊருக்கே திரும்பிப் போகிறது. இந்த முறை "கனடாவில இருக்கிற மாமாவே அனுப்பினவர்" என்ற முத்திரையோடு.

இந்தச் சுற்றைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். "இணையத்தில வாறதெல்லாத்தையும் நம்பாதேங்கோ" என்ற பொது உபதேசம் எனக்கு அலுத்துவிட்டது. அது யாருக்கும் உதவுவதில்லை. நெல்லிக்காய்ச் சாறு நோய் தீர்க்கும் என்ற பொய் எங்கள் நேரத்தைத் தின்னும், சிலவேளை உடம்பையும் தின்னும். வெளிநாடு போகிற பொய் காணி உறுதியைத் தின்னும், தாலிக்கொடியைத் தின்னும், தங்கச்சியின் சீதனத்தையும் தின்னும். தின்ற பிறகு எவனையும் பிடிக்க முடியாது.

முதலில் அந்த 395,000. அந்த எண் பொய் இல்லை, அதுதான் சிக்கல். 2024 ஒக்டோபரில் கனடிய அரசாங்கம் வெளியிட்ட குடிவரவுத் திட்டத்தில், 2025ஆம் ஆண்டுக்கான நிரந்தர வதிவிட இலக்கு 395,000தான். ஆனால் அது கதவைத் திறந்த திட்டம் அல்ல, பாதி சாத்திய திட்டம். அதற்கு முன் 2025க்கென்று சொல்லியிருந்தது 500,000. ஒரேயடியாக ஒரு இலட்சத்துக்கு மேல் வெட்டினார்கள். 2026க்கு 380,000, 2027க்கு 365,000 என்று இன்னும் இறங்கும் என்றும் அதிலேயே எழுதியிருந்தது. அந்த எண்ணுக்குள் கணவனை மனைவி எடுப்பது, தாய் தகப்பனை எடுப்பது, அகதிகள் எல்லாம் அடக்கம். அதிலும் 40 வீதத்துக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே கனடாவுக்குள் தற்காலிகமாக இருப்பவர்களாக இருப்பார்கள் என்று அரசாங்கமே சொன்னது. ஆக, எண் உண்மை, ஆண்டு உண்மை, நாடும் உண்மை. 'தேவை' என்ற ஒரு சொல்லுக்குள்தான் பொய் முழுவதும் இருக்கிறது. அரசாங்கத்தின் திட்டத்தில் அந்த எண் இலக்கு மட்டும்தான்.

மொழிபெயர்ப்பில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் தகுதி இருக்கவும் கூடும், இல்லாமலும் போகும் என்ற பொருளில் எழுதியிருப்பது தமிழுக்கு வரும்போது "தகுதி பெறலாம்" ஆகிவிடுகிறது. எங்கட 'லாம்' அனுமதிக்கும் வரும், சந்தேகத்துக்கும் வரும். "நீ போகலாம்" என்றால் அனுமதி. "மழை வரலாம்" என்றால் வந்தாலும் வரும், வராமலும் விடும். விசாப் பக்கங்களில் இருக்கிற 'லாம்' பெரும்பாலும் மழை வகை. காணொளிக்காரர் அதை அனுமதி வகையாக வாசித்துவிட்டு, கீழே ஒரு தொலைபேசி இலக்கத்தையும் போடுகிறார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. "எல்லாம் புழுகு, விட்டுட்டு வேலையைப் பார்" என்று சொன்ன மாமாமார் 2023இல் மூக்குடைபட்டார்கள். அந்த ஆண்டு கனடா, மலைபோலத் தேங்கிக் கிடந்த வருகையாளர் விசா விண்ணப்பங்களைக் குறைப்பதற்காகச் சில நிபந்தனைகளைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. வடக்கிலிருந்து பலருக்கு விசா கிடைத்தது. வந்தார்கள், தஞ்சம் கேட்டார்கள். ஊரில் அதற்குப் பிறகு "வெளிநாட்டில இருக்கிறவை சொல்லுறதைக் கேட்டிருந்தால் நான் இண்டைக்கும் இங்கதான்" என்று ஒரு கதை உருவாகிவிட்டது. அது நியாயமான கதையும்கூட. ஆனால் அந்தத் தளர்வு குறிப்பிட்ட விண்ணப்பங்களுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கிடைத்தது. அது முடிந்த பிறகும் காணொளி முடியவில்லை. 2024 நவம்பரில், பத்து வருட விசாவை வழமையாகக் கொடுப்பதைக்கூட கனடா நிறுத்திவிட்டது. ஒருகாலத்தில் உண்மையாக இருந்த செய்திதான் எல்லாப் பொய்யிலும் பலமானது. "பொய் சொல்லாதே" என்று அதை மறுக்கவும் முடியாது. "எப்ப?" என்று மட்டும்தான் கேட்க முடியும். எங்கட ஆக்கள் கேட்கிற கேள்வி எப்போதும் "உண்மையோ?" என்பதாக இருக்கிறது. "எத்தனையாம் திகதி?" என்று கேட்கிறவரை நான் அதிகம் காணவில்லை.

இங்கே பிரித்தானியாவில் 'கெயர் விசா' நடந்த விதத்தைப் பாருங்கள். 2022 பெப்ரவரியில் பராமரிப்புப் பணியாளர்களை வெளிநாட்டிலிருந்து எடுக்க வழி விட்டார்கள். 2024 மார்ச் 11 முதல் அவர்கள் மனைவி பிள்ளைகளைக் கூட்டிவர முடியாது என்றார்கள். 2025 ஜூலை 22உடன் வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதையே மூடிவிட்டார்கள். மூன்று திகதிகள். இவற்றில் எந்தத் திகதிக்கு முன் எடுத்த காணொளியை எந்தத் திகதிக்குப் பின் பார்க்கிறோம் என்பதில் ஒரு குடும்பத்தின் வாழ்வு இருந்தது. "ஃபமிலியோட போகலாம்" என்று ஒருவர் 2023இல் சொன்னது அப்போது சரி. அதையே 2024 ஏப்ரலில் கேட்டுக் காசு கட்டியவருக்கு?

இதில் இன்னும் ஒரு முடிச்சு. அந்த விசாவில் ஏமாந்தவர்களில் பலருடைய காகிதங்கள் போலியானவை அல்ல. கம்பனி உள்துறை அமைச்சின் அனுமதிப் பட்டியலில் இருந்தது. ஸ்பொன்சர் சான்றிதழ் உண்மையானது. விசா ஸ்டிக்கரும் உண்மையானது. வந்து இறங்கிய பிறகு பார்த்தால் வேலை மட்டும் இல்லை, அல்லது வாரத்தில் எட்டு மணித்தியாலம் இருந்தது. பிறகு கம்பனியின் அனுமதியை அரசாங்கம் பறித்ததும், வேறு ஸ்பொன்சர் தேட வழமையாக 60 நாள். ஆகவே "அரசாங்கத்தின்ர லிஸ்ரில பேர் இருக்கு, பிறகென்ன?" என்று நிற்பதும் போதாது. பட்டியல் சொல்வது, இந்தக் கம்பனிக்கு ஆள் எடுக்க அனுமதி உண்டு என்று மட்டும்தான். உனக்கு அங்கே வேலை உண்டு என்று அது சொல்லவில்லை.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? என் அபிப்பிராயத்தில் முதலில் பார்க்க வேண்டியது காசு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை. கனடாவில் வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளி வாங்க வேண்டிய எல்எம்ஐஏ அனுமதிக்கு 1,000 டொலர் கட்டணம். அதை முதலாளிதான் கட்ட வேண்டும், வேலைக்கு வருபவரிடம் அறவிடுவது சட்டவிரோதம். பிரித்தானியாவில் ஸ்பொன்சர் சான்றிதழை விற்க எவருக்கும் உரிமை கிடையாது. "எல்எம்ஐஏ இவ்வளவு இலட்சம், சேர்ட்டிபிக்கெட் இவ்வளவு இலட்சம்" என்று விலை சொல்லுகிற வாய், மற்றதெல்லாம் உண்மையாகச் சொன்னாலும் சரி, அந்த இடத்தில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. உழைக்கப் போகிறவன் ஏன் முதலாளிக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்?

அடுத்தது, ஆலோசனை சொல்லுகிறவர் யார் என்பது. கனடாவில் காசு வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்ல லோயர், கியூபெக்கில் நொத்தாரிசு, அனுமதி பெற்ற ஆலோசகர் போன்ற அங்கீகாரம் உள்ளவர்களுக்கு மட்டும்தான் உரிமை. ஆலோசகர்களுக்கென்று 2021 நவம்பரிலிருந்து தனியான ஒழுங்குமுறைக் கல்லூரி இருக்கிறது. அதன் பதிவேட்டை எவரும் பேர் போட்டுப் பார்க்கலாம், அனுமதி இடைநிறுத்தப்பட்டிருந்தால் அதுவும் தெரியும். பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இப்படிப் பதிவேடுகள் உண்டு. இலங்கையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அனுமதி பெற்ற முகவர்களின் பட்டியலை வைத்திருக்கிறது. 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கவும் முடியும். வெள்ளவத்தையில் கண்ணாடி போட்ட அலுவலகமும் வாசலில் ஆறு நாட்டுக் கொடியும் எந்தப் பதிவேட்டிலும் சேராது.

முகவரியை வாசிக்கிற விதம் ஒன்றும் இருக்கிறது. எங்கட ஆக்கள் இணைய முகவரியை இடமிருந்து வாசிக்கிறார்கள். முன்னால் 'கனடா' என்றும் 'விசா' என்றும் 'ஒபிஷியல்' என்றும் கண்டால் மனம் நிறைந்துவிடுகிறது. முன்பக்கத்தில் எவனும் எதையும் எழுதலாம். முதலாவது சாய்கோட்டுக்கு முன்னால் முகவரி எப்படி முடிகிறது என்பதுதான் விஷயம். பிரித்தானிய அரசின் பக்கம் என்றால் அந்த இடத்தில் 'ஜிஓவி டொட் யூகே' என்று இருக்க வேண்டும். கனடிய அரசு என்றால் 'கனடா டொட் சிஏ' அல்லது 'ஜிசி டொட் சிஏ'. அந்த இடத்தில் 'டொட் கொம்' என்று வந்தால், முன்னால் எத்தனை கனடா இருந்தாலும் அது ஒரு தனியாளின் கடை.

முன்பு ஒரு நண்பரின் வீட்டில் நடந்ததைச் சொல்லுகிறேன். கெயர் விசா மூடுவதற்கு முந்திய காலத்துக் கதை. ஊரில் மச்சானுக்கு ஒரு கம்பனி சரிவந்துவிட்டது, நாலு பரப்புக் காணியை விற்கப் போகிறார்கள் என்று கதை. நண்பரின் மகளுக்கு அப்போது பதினேழு வயது. கம்பனியின் பேரைக் கேட்டாள். 'கொம்பனீஸ் ஹவுஸ்' பதிவை, இங்கே அது எவருக்கும் இலவசம், போனிலேயே திறந்தாள். கம்பனி பதிவாகி ஐந்து மாதம். கணக்கு எதுவும் இன்னும் சமர்ப்பிக்கவில்லை. ஒரே ஒரு பணிப்பாளர். விலாசத்தை வீதிப் படத்தில் போட்டுப் பார்த்தாள்: முடிவெட்டுகிற கடை ஒன்றின் மேல்மாடி. எல்லாம் பத்து நிமிடம். "இவை எப்பிடி முப்பது பேருக்கு வேலை குடுப்பினம்?" என்று கேட்டாள். யாரும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. "சின்னப் பிள்ளை, அவவுக்கு ஊர் நிலைமை என்ன தெரியும்" என்று ஊரில் இருந்து ஒரு பதில் வந்தது. பாதிக் காசு கட்டினார்கள். அந்தப் பாதியும் போனது. மற்றப் பாதியும் காணியின் ஒரு பகுதியும் மிஞ்சியதற்கு அந்தப் பிள்ளைதான் காரணம் என்று இன்றுவரை அந்த வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவள் செய்ததற்கு ஒரு பேர் இருக்கிறது. 2017இல் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பேர்க், சாரா மக்ரூ என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். வரலாற்றில் கலாநிதிப் பட்டம் பெற்ற 10 பேர், ஊடகங்களில் செய்தி சரிபார்க்கிற 10 பேர், அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் 25 பேர். எல்லாருக்கும் சில இணையப் பக்கங்களைக் காட்டி எது நம்பகமானது என்று கேட்டார்கள். படித்த வரலாற்றாளர்களும் கெட்டிக்கார மாணவர்களும் பக்கத்தை மேலிருந்து கீழாகக் கவனமாக வாசித்தார்கள். அழகான சின்னத்திலும் உத்தியோகபூர்வமான பேரிலும் பலர் வழுக்கி விழுந்தார்கள். சரிபார்க்கிறவர்கள் அந்தப் பக்கத்தில் நிற்கவே இல்லை. உடனே வெளியே போய், இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்லுகிறார்கள் என்று பக்கவாட்டில் தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்கள் அவர்கள்தான்.

இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். இலங்கை வானொலி ஒன்று சொல்லும், புலிகளின் குரல் இன்னொன்று சொல்லும், இரவில் பிபிசி தமிழோசை மூன்றாவதாக ஒன்று சொல்லும். "அவங்கள் இருபது எண்டுறாங்கள், இவங்கள் இருநூறு எண்டுறாங்கள், பிபிசி என்னவாம்?" என்று முற்றத்தில் இருந்து கணக்குப் பார்த்த சனம் நாங்கள். சொல்லுகிறவன் யார், அவனுக்கு இதில் என்ன இலாபம் என்று பாராமல் அப்போது ஒரு செய்தியும் உள்ளே போகவில்லை. ஸ்ரான்போர்ட் கண்டுபிடித்ததை எங்கட அப்பப்பாமார் பெடல் சுற்றிக்கொண்டே செய்தார்கள். அந்தச் சனத்தின் பிள்ளைகள் இன்று ஒரு ரிக்ரொக்கை நம்பி உறுதி எழுதுகிறார்கள் என்றால், புத்தி மழுங்கிவிட்டது என்று சொல்ல நான் தயாராக இல்லை. அப்போது ஆசை காட்ட யாரும் இல்லை. இப்போது ஆசை காட்டுகிறார்கள்.

அந்த ஆசையில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது. ஏஜென்சிக்காரன் போடுகிற விளம்பரத்தில் அரைவாசி வேலையை நாங்கள் செய்துகொடுக்கிறோம். லீசில் எடுத்த காருக்கு முன்னால் நின்று படம். மாதம் மாதம் வங்கி மூச்சுப் பிடிக்கிற வீட்டின் குடிபூரல் காணொளி. மண்டபத்தில் சாமத்திய வீடு, ஹெலிகொப்டரில் பிள்ளை. இவையும் இணையத்தில் வருகிற தகவல்கள்தானே? இவற்றின் நம்பகத்தன்மையை ஊரில் யார் சரிபார்ப்பது? 2025 ஏப்ரலில் இங்கே அடிப்படைச் சம்பளம் மணிக்கு 12.21 பவுணாக இருந்தது. அதில் வரி போய், அறை வாடகை போய், ஏஜென்சிக் கடனுக்கு வட்டி போய் மிஞ்சுவதை ஒருவரும் படம் பிடித்துப் போடுவதில்லை. அதனால்தான் "வராதை" என்று நாங்கள் சொல்லும்போது, "தாங்கள் மட்டும் நல்லா இருக்கோணும்" என்று அங்கே விளங்கிக்கொள்ளப்படுகிறது. குற்றம் விளங்கிக்கொண்டவர்களில் இல்லை.

ஏமாற்று காசோடு மட்டும் நின்றாலும் பரவாயில்லை. 2022 நவம்பரில் 'லேடி ஆர்3' என்ற படகில் 303 பேர், பெரும்பாலும் தமிழர், கனடா போகிறோம் என்று ஏறி நடுக்கடலில் தத்தளித்தார்கள். ஜப்பானியக் கப்பல் ஒன்று காப்பாற்றி வியட்நாமில் இறக்கியது. அவர்களில் ஒருவர் ஊர் திரும்பாமல் அங்கேயே இறந்தார். தாய்லாந்தில் கணினி வேலை என்ற விளம்பரத்தை நம்பிப்போன இலங்கை இளைஞர்கள் மியன்மார் எல்லையில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டார்கள். அங்கே அவர்களுக்குக் கொடுத்த வேலை, போலியான பேர்களில் வேறு ஆக்களை ஏமாற்றுவது. பொய்த் தகவலை நம்பிப் போனவனையே பொய்த் தகவல் எழுத வைத்தார்கள்.

தமிழ்ச் செய்தித் தளங்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், இந்தத் தளத்தையும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன். "கனடா செல்லக் காத்திருப்போருக்கு மகிழ்ச்சியான செய்தி" என்று தலைப்புப் போட்டால் எத்தனை பேர் சொடுக்குவார்கள் என்பது எல்லா ஆசிரியர் பீடங்களுக்கும் தெரியும். உள்ளே போனால் நான்கு வரி. எந்த மாகாணம், எந்தத் தொழில், எந்தத் திகதி என்று ஒன்றும் இருக்காது. அறிவித்தலின் மூலப் பக்கத்துக்கு ஓர் இணைப்பும் இருக்காது. ஆனால் பக்கத்திலேயே ஒரு விசா முகவரின் விளம்பரம் மின்னிக்கொண்டிருக்கும். விசாச் செய்தி போடுகிற ஒவ்வொரு முறையும் மூலப் பக்கத்தின் இணைப்பையும் அறிவித்த திகதியையும் கட்டாயம் போடுவது, அனுமதி இலக்கம் காட்டாத முகவரின் விளம்பரத்தை ஏற்காமல் விடுவது, இரண்டும் செலவில்லாத வேலைகள். வருமானம் கொஞ்சம் குறையும், அது உண்மைதான்.

வீட்டுக்குள் இன்னொரு வேலைப் பங்கீடு தேவைப்படுகிறது. அம்மா அப்பாவுக்கு ஆக்களைத் தெரியும். இன்ன முகவர் இன்னாரின் மருமகன், முன்பு கொழும்பில் என்ன செய்தவர், எந்த ஊரில் யாரின் காசைச் சுருட்டினவர் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அந்த அறிவு எந்தத் தேடுபொறியிலும் இல்லை. பிள்ளைகளுக்கு ஆக்களைத் தெரியாது, ஆனால் ஆங்கிலத்திலோ ஜேர்மனிலோ பிரெஞ்சிலோ இருக்கிற அரசாங்கப் பக்கத்தின் 'மழை வகை லாம்' எது என்று தெரியும். இரண்டு பேரும் ஒரே சோபாவில் இருந்துகொண்டு வேறு வேறு போனைப் பார்க்கிறார்கள். சற்ஜிபிரியிடம் கேட்டால் போதும் என்று சில பிள்ளைகள் நினைப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அது போன வருடச் சட்டத்தை இந்த வருடக் குரலில் சொல்லக்கூடியது. மூலப் பக்கத்தைத் திறக்காமல் அதன் பதிலை ஊருக்கு அனுப்பினால், மாமாவின் கட்டைவிரலுக்கும் அதற்கும் அவ்வளவு வித்தியாசம் இல்லை.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடங்களில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்றும் 'எனது பொழுதுபோக்கு' என்று கட்டுரை எழுதக் கொடுக்கிறார்கள். அதற்குப் பதிலாக, வாரத்துக்கு ஒரு விசாச் செய்தியைக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். அது எங்கிருந்து வந்தது, எந்தத் திகதியில் உண்மையாக இருந்தது, மூலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தேடி, அதை ஊரில் ஒரு அம்மம்மாவுக்கு விளங்குகிற தமிழில் பத்து வரியில் எழுத வேண்டும். எழுதியதைக் குரல் பதிவாக்கி அந்தக் குடும்பக் குறூப்பிலேயே போடட்டும். இதற்குப் புதுப் பாடப்புத்தகம் அடிக்கத் தேவையில்லை. பிள்ளைகளின் அம்மா அப்பாமாரின் போன்களில் இந்த வாரம் வந்து விழுந்ததே ஒரு தவணைக்குக் காணும்.